உப்பிடாதவள்

வாசலில் ஆளுயரத்துக்கு நிற்கிறான்,
அட்டையில்.
தோளில் துவாலை, கட்டிய கைகள்,
டிவியில் தக்காளியை நசுக்கும்போது சிரிப்பானே, அதே சிரிப்பு.
வெர்னன் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டு
"எடு" என்றார்.
படத்தில் என் கட்டைவிரலும் பாதி வந்துவிட்டது.

லாஸ் வேகஸில் அன்று நூற்றுப் பதினோரு டிகிரி.
காசு விழுங்கும் இயந்திரங்களின் இடுக்கில்
முந்நூறு அடி நடந்தால் இத்தாலி.
மேலே வரைந்த வானம்,
கொடிகளில் துணி திராட்சை.

"கொர்ராடோ உள்ளே இருக்கிறாரா?"
பரிமாற வந்த அனிபல் சொனோராக்காரன்,
பொய் சொல்லப் பழகாதவன்.
"வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், ஐயா.
மார்ச்சில் வந்தார்.
விளக்கை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்."

நான்கு வருஷம்.
திங்கள், புதன், வெள்ளி.
டுபியூக் ஆஸ்பத்திரியில் ஏழாம் எண் நாற்காலி,
ஒரு கையில் இரண்டு ஊசி, மறு கையில் ரிமோட்.
ரத்தம் வெளியே போய்க் குளித்துவிட்டு வரும்வரை
கொர்ராடோ சமைத்துக்கொண்டே இருப்பான்.
தக்காளி: கூடாது.
சீஸ்: கூடாது.
உப்பு: அதைக் கேட்கவே கூடாது.
"சேனலை மாற்றித் தொலையுங்கள், வயிறு எரிகிறது"
என்பாள் எட்டாம் எண் திருமதி ஹூக்ஸ்ட்ரா.
இவர் மாற்ற மாட்டார்.
ஒரு புதன்கிழமை எட்டாம் நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள்.
அன்றைக்கு மட்டும்
அவராகவே டிவியை அணைத்தார்.

வீட்டில் நான்
உருளைக்கிழங்கை இரண்டு முறை கொதிக்கவைத்து
இரண்டு முறையும் தண்ணீரைக் கொட்டுவேன்,
ருசி அதோடு போகும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
நான் நான்கு வருஷம் உப்பே இடாதவள்.
என்னை என்னவென்று நினைத்திருப்பாரோ.

ஸ்பகெட்டி வந்தது.
முப்பத்தெட்டு டாலர், சிவப்பாக,
மேலே ஓர் இலை.
ஒரு வாய் எடுத்து வைத்தார். கண்ணை மூடினார்.
நான் கைபேசியைத் தயாராக வைத்திருந்தேன்,
அழுதால் பிள்ளைகளுக்கு அனுப்பலாமென்று.

"கரிக்குது" என்றார்.

நானும் எடுத்துப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது.
நாக்குதான்
எங்கோ விட்டுவிட்டு வந்த நாக்கு.
அனிபல் தட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்,
சட்டைக்கு மேலே எட்டிப்பார்க்கும் தழும்பைப் பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் உள்ளே போனான்.
சமையற்கட்டிலிருந்து ஒரு பெண் தலை நீட்டினாள்,
வலைத்தொப்பி, வேர்த்த முகம்.
கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் வந்தது.
நாலாக வெட்டிய தக்காளி, எண்ணெய்.
அவ்வளவுதான்.
"டெல்ஃபினா கொடுத்தனுப்பினாள்.
இது மெனுவில் இல்லை" என்றான்.

கையாலேயே சாப்பிட்டார் வெர்னன்.
மோவாயில் விதை.
"நம் வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கு."
பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு அவர் சட்டைப்பையில் அலாரம் அடித்தது.
மாத்திரை.
பழைய இரண்டையும் எடுக்காமலே
என்னுடையதை உள்ளே வைத்துத் தைத்தார்கள்.
ஆக, அவருக்கு மூன்று, எனக்கு ஒன்று.
கூட்டினால் நான்கு,
கல்யாணத்தன்று இருந்த அதே கணக்கு.

பில்லில் தக்காளியைச் சேர்க்கவில்லை.
வெளியே வரும்போது அட்டை ஆள் சிரித்துக்கொண்டே இருந்தான்.
இவர் அவனைக் கவனிக்கவில்லை,
பல்லிடுக்கில் ஏதோ மாட்டியிருந்தது.

இரவு இரண்டு மணி, ஹோட்டல் அறை.
குளியலறைக் கதவு பாதி திறந்திருக்கிறது.
நான்கு வருஷமாக வராத சத்தம்
நீளமாக, விட்டு விட்டு, மறுபடி நீளமாக.
"லொரெய்ன், முழிச்சிருக்கியா?
முப்பத்தெட்டு டாலர் போகுது, கேளு" என்கிறார்.

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.
என்னுடையதாயிற்றே.